அப்பாஸ்ட்ரபி தகராறு செய்யும்போது: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் முறை

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட கடிதங்களையும் அறிக்கைகளையும் அச்சுக்குப் போகுமுன் திருத்திக் கொடுப்பது என் வேலை. அந்தத் தாள்களில் நான் இடும் சிவப்பு மையில் பெரும்பங்கு, கொசுவின் கால் அளவுகூட இல்லாத அப்பாஸ்ட்ரபி (') என்ற குறிக்கே செலவாகிறது. ஒரே பிழைகள் திரும்பத் திரும்ப வருவதால், எந்த அறிகுறிக்கு எது காரணமாக இருக்கும், எதை முதலில் சோதிக்க வேண்டும் என்பது மனப்பாடமாகிவிட்டது. அதையே இங்கு அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்கள் தாளில் தெரியும் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். ஒவ்வொரு தலைப்பிலும் நொடியில் சரியாகும் காரணம் முதலிலும், நேரமோ பணமோ கேட்கும் காரணம் பிறகும் வரும்.

ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தருகிறேன்; குறி மட்டும் ஆங்கிலத்தில் எந்த எழுத்துக்குப் பக்கத்தில் நிற்குமோ அதே இடத்தில் நிற்கும்.

முதலில் கையில் ஒரு கருவி வேண்டும். ஐயம் எழும் சொல்லை மனத்துக்குள் தமிழாக்கிப் பாருங்கள். “கள்” மட்டும் ஒட்டினால் குறியே வேண்டாம். “உடைய” ஒட்டினால் எஸ் எழுத்துக்கு முன்னால் குறி வரும். “களுடைய” ஒட்டினால் எஸ் எழுத்துக்குப் பின்னால் வரும். ஆசிரியர்கள் வந்தார்கள் என்றால் “டீச்சர்ஸ்”. ஓர் ஆசிரியருடைய அறை என்றால் “டீச்சர்'ஸ் ரூம்”. ஆசிரியர்களுடைய அறை என்றால் “டீச்சர்ஸ்' ரூம்”. ஆங்கிலத்தில் மூன்றும் காதுக்கு ஒன்றாகவே ஒலிப்பதால் காதை நம்பிப் பயனில்லை. தமிழிலோ மூன்றும் வெவ்வேறு ஒலி. இந்தச் சோதனை ஏமாற்றும் இடங்களும் உண்டு. அவை வரும்போது சொல்கிறேன்.

## அறிகுறி: பன்மைச் சொல்லில் தேவையில்லாத குறி முளைத்திருக்கிறது

“ஆல் ஸ்டூடன்ட்'ஸ் மஸ்ட் அட்டெண்ட்” என்ற அறிவிப்பை எடுத்துக்கொள்வோம். இது மாணவர்கள் அனைவரும் வர வேண்டும் என்ற செய்தி. இங்கே எவருடைய உடைமையும் பேசப்படவில்லை. எஸ் எழுத்தைக் கண்டவுடன் கை தானாகக் குறி இட்டுவிடுவதுதான் மிக எளிய காரணம். “கள்” சோதனை இதை ஒரு நொடியில் பிடித்துவிடும்: மாணவர்கள் என்பது பொருந்துகிறது, மாணவருடைய என்பது பொருந்தவில்லை, ஆகவே குறியை எடுத்துவிடலாம். ஆங்கிலேயர்களே இந்தப் பிழைக்குக் காய்கறிக் கடைக்காரரின் அப்பாஸ்ட்ரபி என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதால், இது நம்மவர்களுக்கு மட்டும் உரிய குறை என்று கூச வேண்டியதில்லை.

அடுத்த காரணம், சொல்லின் முடிவு எழுதுபவருக்கு விநோதமாகத் தெரிவது. “வீடியோ”, “போட்டோ” போல உயிரொலியில் முடியும் சொற்களோடு எஸ் எழுத்தை வெறுமனே ஒட்டினால் ஏதோ குறைகிறது என்று தோன்றி, இடையில் குறியைச் செருகிவிடுகிறார்கள். ஒன்றும் குறையவில்லை, “வீடியோஸ்” என்றே எழுதலாம். “பிடிஎஃப்ஸ்”, “சிடிஸ்” போன்ற சுருக்கப் பெயர்களுக்கும் 1990ஸ் என்ற பத்தாண்டுக் கணக்குக்கும் இதுவே பதில். 1990'ஸ் என்று அச்சிட்ட பழைய நூல்களைக் காட்டி வாதிடுபவர்கள் இருப்பார்கள். இன்றைய வழக்கு குறியில்லாத வடிவமே.

விதிவிலக்கு ஒன்றே ஒன்று: தனிச் சிற்றெழுத்தைப் பன்மையாக்கும்போது குறி இல்லாவிட்டால் வேறு சொல்லாகப் படிக்கப்படும் அபாயம் உண்டு. ஆங்கிலத்தின் ஐ என்ற சிற்றெழுத்தோடு எஸ் எழுத்தை வெறுமனே ஒட்டினால் அது “இஸ்” என்ற சொல்லாகிவிடும். அங்கே மட்டும் குறியை விட்டுவையுங்கள்.

கொஞ்சம் செலவு வைக்கும் காரணம் குடும்பப் பெயர்களில் வருகிறது. தாமஸ் குடும்பத்தார் அனைவரும் சேர்ந்து அனுப்பும் வாழ்த்து அட்டையில் “தி தாமஸ்'ஸ்” என்று அச்சடித்தால், தாமஸுடைய என்று சொல்லி, எது என்று சொல்லாமல் நிறுத்தியதுபோல் ஆகும். “தி தாமஸஸ்” என்பதே சரி. பார்க்க அழகாக இல்லை என்பது உண்மைதான். அழகு முக்கியம் என்றால் “தி தாமஸ் ஃபேமிலி” என்று எழுதித் தப்பித்துக்கொள்ளுங்கள்.

## அறிகுறி: உடைமைப் பொருள் இருக்கிறது, குறி இல்லை

தமிழிலேயே சிந்தித்து எழுதுபவர்களிடம் இது அதிகம் தென்படும். அதற்குக் காரணமும் தமிழில்தான் இருக்கிறது. நாய் வால், குமார் சட்டை, அவன் வீடு என்று உருபு இல்லாமலே சொல்லிப் பழகியவர்கள் நாம். பள்ளியில் ஆறாம் வேற்றுமைத் தொகை என்று படித்தது இதுதான். ஆங்கிலத்தில் அந்தச் சலுகை கிடையாது; “டாக்ஸ் டெயில்” என்று எழுதினால் வால் யாருக்கும் சொந்தமில்லாமல் தொங்கும். ஆகவே சோதனைக்கு முன் தொகையை விரித்துக்கொள்ள வேண்டும்: நாய் வால் என்பதை நாயினுடைய வால் என்று விரித்தவுடன் “டாக்'ஸ் டெயில்” என்று குறி தன் இடத்தில் வந்து உட்காரும்.

விரித்துப் பார்த்தும் “உடைய” என்பது செயற்கையாக ஒலிக்கும் இடம் காலஅளவு. பத்து நாள் விடுப்பு என்பதைப் பத்து நாட்களுடைய விடுப்பு என்று எந்தத் தமிழரும் சொல்லமாட்டார். ஆனால் ஆங்கிலத்தில் “டென் டேஸ்' லீவ்” என்று குறி வேண்டும், ஒரு நாள் என்றால் “ஒன் டே'ஸ் லீவ்” என்று வர வேண்டும். கருவி ஏமாற்றும் முதல் இடம் இது. இங்கே வேறு சோதனை செய்யுங்கள்: இரண்டு சொற்களுக்கும் நடுவே “ஆஃப்” என்ற சொல்லை வைத்துப் பாருங்கள். “டென் டேஸ் ஆஃப் லீவ்” பொருந்துகிறது, ஆகவே குறி உண்டு. “டென் டேஸ் ஓல்ட்” என்பதில் “ஆஃப்” நுழையாது, ஆகவே குறி இல்லை. “டென்-டே லீவ்” என்று இடைக்கோடு போட்டு எழுதினால் எஸ் எழுத்தே இல்லை, குறிக்கும் வேலை இல்லை. விடுப்புக் கடிதங்களிலும் பணிவிலகல் கடிதங்களிலும் “டூ வீக்ஸ்' நோட்டீஸ்” என்பது குறியில்லாமல் வராத நாளே இல்லை எனலாம்.

தன்குறிப்பில் நிற்கும் இன்னொரு பிழையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதுகலைப் பட்டம் என்ற பொருளில் “மாஸ்டர்'ஸ் டிகிரி”, இளங்கலைக்கு “பேச்சலர்'ஸ் டிகிரி” என்று குறியோடு எழுத வேண்டும்; பட்டத்தின் முழுப்பெயரான “மாஸ்டர் ஆஃப் சயின்ஸ்” என்பதில் எஸ் எழுத்தும் கிடையாது, குறியும் கிடையாது. இரண்டையும் கலந்து “மாஸ்டர்'ஸ் ஆஃப் சயின்ஸ்” என்று எழுதியவர்களின் தன்குறிப்புகள் எத்தனையோ என் கைக்கு வந்திருக்கின்றன.

இதற்கு நேர்மாறாக, குறி வேண்டியதில்லாத இடத்தில் அதைத் தேடி அலைவதும் உண்டு. “சேவிங்ஸ் அக்கவுன்ட்”, “ஸ்போர்ட்ஸ் டே” போன்றவற்றில் முதல் சொல் உரிமையாளரைக் குறிக்கவில்லை. எத்தகைய கணக்கு, எத்தகைய நாள் என்று வகையைத்தான் சொல்கிறது. அங்கே குறி தேடாதீர்கள்.

## அறிகுறி: குறி இருக்கிறது, ஆனால் எஸ் எழுத்துக்கு முன்னா பின்னா என்று தகராறு

எளிய காரணம், ஒருமையா பன்மையா என்று முடிவு செய்யாமலே எழுதத் தொடங்கியது. சந்திப்பு ஒன்றுக்கான அழைப்பிதழில் ஒரே பக்கத்தில் “பேரன்ட்ஸ் மீட்டிங்”, “பேரன்ட்'ஸ் மீட்டிங்”, “பேரன்ட்ஸ்' மீட்டிங்” என்று மூன்று வடிவங்களும் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். வரப்போகிறவர் ஒருவரா பலரா என்று கேட்டால் போதும்: பெற்றோர் பலர் வருகிறார்கள், ஆகவே மூன்றாவது வடிவம். இது இலக்கணக் கேள்வியே அல்ல, உண்மை நிலவரம் பற்றிய கேள்வி. “தி மேனேஜர்ஸ் ரிப்போர்ட்” என்பதில் மேலாளர் ஒருவரா இருவரா என்று தெரியாதபோது எந்த இலக்கண நூலும் உதவாது. எழுதியவரையே கேட்டுவிட வேண்டும். ஊகித்துத் திருத்திவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்ட அனுபவம் எனக்கு உண்டு.

எஸ் எழுத்து இல்லாமலே பன்மையாகும் சொற்களில் கருவி இரண்டாம் முறையாக ஏமாற்றும். குழந்தைகளுடைய என்று தமிழில் “களுடைய” வருவதால் “சில்ட்ரன்ஸ்'” என்று எஸ் எழுத்துக்குப் பின்னால் குறி இட்டுவிடுகிறார்கள். “சில்ட்ரன்” என்பதே முழுப் பன்மை. அதோடு உடைமைக்கு மட்டும் சேர்த்தால் “சில்ட்ரன்'ஸ்” என்றுதான் வரும். “மென்'ஸ்”, “விமென்'ஸ்”, “பீப்பிள்'ஸ்” எல்லாம் இதே அச்சில் வார்க்கப்பட்டவை. சோதிக்கும் வழி எளிது: குறியையும் அதற்குப் பின் உள்ளதையும் விரலால் மறைத்துப் பாருங்கள். மிஞ்சுவது முழுமையான சொல்லாக இருக்க வேண்டும். “சில்ட்ரன்ஸ்'” என்பதில் குறியை மறைத்தால் “சில்ட்ரன்ஸ்” மிஞ்சுகிறது. அப்படி ஒரு சொல் ஆங்கிலத்தில் இல்லை.

இரண்டு பேர் சேரும்போது, பொருள் பொதுவா தனித்தனியா என்று பாருங்கள். மேரியும் ஜானும் சேர்ந்து வாழும் ஒரே வீடு என்றால் “ஜான் அண்ட் மேரி'ஸ் ஹவுஸ்” என்று கடைசிப் பெயரில் மட்டும் குறி. ஆளுக்கொரு சம்பளம் என்றால் “ஜான்'ஸ் அண்ட் மேரி'ஸ் சாலரீஸ்” என்று இருவருக்கும் குறி.

நாட்களின் பெயர்களில் சோதனை வேலைக்கு ஆகாது. அவற்றை அறிவித்தவர்கள் தீர்மானித்த வடிவமே சரி. அன்னையர் தினம் தமிழில் பன்மை, ஆங்கிலத்தில் “மதர்'ஸ் டே” என்று ஒருமை. ஒவ்வொருவரும் தம் தாயைப் போற்றும் நாள் என்ற எண்ணத்தில் அன்னா ஜார்விஸ் அப்படி வலியுறுத்தினார், 1914இல் அமெரிக்காவில் அது அதிகாரபூர்வமானது. அமெரிக்காவின் “வெட்டரன்ஸ் டே” என்பதிலோ குறியே கிடையாது. அகராதியையோ அறிவித்த அமைப்பின் பக்கத்தையோ பார்த்து எழுதுவதைத் தவிர வேறு வழியில்லை.

## அறிகுறி: “இட்ஸ்” எழுதும் ஒவ்வொரு முறையும் கை நடுங்குகிறது, கணினியும் சிவப்புக்கோடு காட்டுவதில்லை

கணினி ஏன் காட்டவில்லை என்றால், குறியோடு உள்ள “இட்'ஸ்” என்பதும் குறியில்லாத “இட்ஸ்” என்பதும் அகராதியில் உள்ள சொற்களே. எழுத்துப்பிழை பார்க்கும் நிரலுக்கு இரண்டும் சரி. இலக்கணம் பார்க்கும் நிரல்கள் சில இடங்களில் பிடிக்கும், சில இடங்களில் கோட்டைவிடும். கைப்பேசியோ கேட்காமலே குறியைச் செருகிவிட்டு ஒன்றும் அறியாததுபோல் இருக்கும். எனவே முதலில் சந்தேகிக்க வேண்டியது தானியங்கித் திருத்தத்தை; இரண்டாவதாகத்தான் உங்களை.

சோதனையைப் பொறுத்தவரை, இங்கே “உடைய” கருவியைக் கீழே வைத்துவிடுங்கள். அதனுடைய என்று தமிழில் அழகாகப் பொருந்தும். அதை நம்பிக் குறி இட்டால் பிழை. இந்தச் சொல்லுக்கு உரிய சோதனை விரித்துப் படிப்பதுதான். “இட் இஸ்” அல்லது “இட் ஹாஸ்” என்று விரித்தால் வாக்கியம் நிற்கிறதா? நின்றால் குறி வேண்டும், விழுந்தால் வேண்டாம். “இட்'ஸ் ரெய்னிங்” என்பதை “இட் இஸ் ரெய்னிங்” என்று விரிக்கலாம். “தி கம்பெனி சேஞ்ச்டு இட்ஸ் நேம்” என்பதை “இட் இஸ் நேம்” என்று விரித்தால் நகைப்புக்கிடம். எஸ் எழுத்துக்குப் பின்னால் குறியிட்ட “இட்ஸ்'” என்ற மூன்றாவது வடிவத்தையும் சிலர் முயல்கிறார்கள். அப்படி ஒரு சொல் ஆங்கிலத்தில் எங்கும் கிடையாது, கண்டவுடன் அழித்துவிடலாம்.

இதே நோய் “யுவர்” என்பதற்கும் “யூ'ஆர்” என்பதற்கும், “ஹூஸ்” என்பதற்கும் “ஹூ'ஸ்” என்பதற்கும், “தேர்” என்பதற்கும் “தே'ஆர்” என்பதற்கும் நடுவில் வரும். மருந்தும் அதே விரித்துப் படித்தல்தான். “யுவர்ஸ்”, “ஹர்ஸ்”, “அவர்ஸ்”, “தேர்ஸ்” என்று எஸ் எழுத்தில் முடியும் உடைமைச் சொற்களிலும் குறி கிடையாது. கடிதத்தின் அடியில் “யுவர்'ஸ் சின்சியர்லி” என்று எழுதுவது நம்மிடையே எவ்வளவு வேரூன்றிய வழக்கம் என்றால், திருத்தினால் கோபித்துக்கொள்பவர்களும் உண்டு. அவர்களுக்கு நான் காட்டும் சான்று “ஹிஸ்” என்ற சொல். அவனுடைய என்று பொருள்படும் அதில் எவரும் குறி இடுவதில்லை. “ஹி'ஸ்” என்று இட்டால் அவன் இருக்கிறான் என்று பொருள் மாறிவிடும். “யுவர்ஸ்” அதன் உடன்பிறப்பு.

இந்தக் குடும்பத்தில் சேராதவற்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். “ஒன்'ஸ்”, “எவ்ரிபடி'ஸ்”, “சம்ஒன் எல்ஸ்'ஸ்” ஆகியவை குறி வாங்கும். இவற்றில் “உடைய” கருவி பழையபடி வேலை செய்யும்.

ஒரு நீண்ட ஆவணத்தில் இந்தப் பிழை பரவிக்கிடந்தால், கன்ட்ரோல் விசையோடு எஃப் அழுத்திக் குறியுள்ள வடிவத்தைத் தேடி, ஒவ்வொன்றாக விரித்துப் பாருங்கள். பிறகு குறியில்லாத வடிவத்துக்கும் அதையே செய்யுங்கள். ஒரே அழுத்தில் அத்தனையையும் மாற்றிவிடும் ஆசை வரும். அடக்கிக்கொள்ளுங்கள்.

## அறிகுறி: சுருக்கச் சொல்லில் குறி இடம் தவறி நிற்கிறது அல்லது காணவில்லை

“டஸ்'ன்ட்”, “டிட்'ன்ட்” என்று இரண்டு சொற்களின் எல்லையில் குறியை நடுவது வழக்கமான பிழை. குறி எல்லைக்கல் அல்ல. விழுந்த எழுத்து நின்ற இடத்தின் அடையாளம். “நாட்” என்ற சொல்லில் நடுவிலுள்ள ஓ எழுத்துதான் விழுந்தது, ஆகவே குறி அதன் இடத்தில் நிற்க வேண்டும்: “டஸ்ன்'ட்”, “டிட்ன்'ட்”. “வோன்'ட்” போல உருமாறிப்போன சொல்லிலும் குறி டி எழுத்துக்கு முன்னால்தான்.

குறி மறைந்தால் சில சொற்கள் வேறு சொற்களாகிவிடும், கணினியும் மௌனமாக இருக்கும். “வி'ல்” என்பதில் குறி போனால் நன்றாக என்று பொருள்படும் “வெல்”. “ஐ'ல்” என்பதில் போனால் நோயுற்ற என்று பொருள்படும் “இல்”. “வி'ஆர்” இறந்தகாலத்து “வேர்” ஆகிவிடும். “லெட்'ஸ்” என்பது வாருங்கள் செய்வோம் என்ற அழைப்பு. “லெட்ஸ்” என்பது அவன் அனுமதிக்கிறான் என்ற செய்தி. “ஷுட்'வ்” என்பதைக் காதில் கேட்டபடி “ஷுட் ஆஃப்” என்று எழுதுவதும் இந்த வகைதான். அது “ஷுட் ஹேவ்” என்பதன் சுருக்கம்.

செலவு வைக்கும் காரணம் ஆவணத்தின் தரம். ஒப்பந்தத்திலும் முறையான விண்ணப்பத்திலும் சுருக்கச் சொற்களே கூடாது என்று சொல்வார்கள். அப்போது அத்தனையையும் விரிக்க வேண்டியிருக்கும். ஒருமுறை அவசரத்தில், குறியோடு எஸ் எழுத்து வரும் இடங்களையெல்லாம் “இஸ்” என்று மாற்றும்படி கணினிக்குக் கட்டளையிட்டேன். “டைரக்டர்'ஸ் ரிப்போர்ட்” என்ற தலைப்பு “டைரக்டர் இஸ் ரிப்போர்ட்” என்று ஆனது. முடித்துவிட்டார் என்ற பொருளில் “ஹி ஹாஸ்” என்று விரிய வேண்டியதும் “ஹி இஸ்” ஆகிவிட்டது. நாற்பது பக்கங்களையும் மறுபடி கையால் திருத்தினேன். “ஹி'ட்” என்பதும் அப்படியே, “ஹி ஹேட்”, “ஹி வுட்” என்று இருவிதமாக விரியும். “கேன்'ட்” விரியும்போது மட்டும் இடைவெளி விடாமல் “கேனாட்” என்று ஒரே சொல்லாக எழுதுங்கள்.

## அறிகுறி: எஸ் எழுத்தில் முடியும் பெயர், இருவர் இருவிதமாகத் திருத்துகிறார்கள்

இருவரும் சரியாக இருக்கக்கூடும். சிகாகோ நடைக் கையேட்டைப் பின்பற்றுபவர் “ஜேம்ஸ்'ஸ்” என்று எழுதுவார். செய்தி நிறுவனமான ஏபியின் கையேட்டைப் பின்பற்றுபவர் “ஜேம்ஸ்'” என்று நிறுத்திக்கொள்வார். அமெரிக்க உச்ச நீதிமன்றமே இதில் ஒருமனப்படவில்லை. 2006இல் வந்த கான்சாஸ் எதிர் மார்ஷ் தீர்ப்பில், பெரும்பான்மையோர் சார்பில் எழுதிய நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் “கான்சாஸ்'” என்று எழுத, மறுப்புரை எழுதிய நீதிபதி டேவிட் சூட்டர் “கான்சாஸ்'ஸ்” என்று எழுதினார். தாமஸின் பெயரே எஸ் எழுத்தில் முடிவது இதில் கூடுதல் சுவை.

ஆகவே செய்ய வேண்டியது: நிறுவனத்துக்குக் கையேடு இருக்கிறதா என்று கேளுங்கள், இருந்தால் அதன்படி நடந்துகொள்ளுங்கள். இல்லையென்றால் ஒன்றைத் தேர்ந்து ஆவணம் முழுவதும் அதையே ஆளுங்கள். பன்மைச் சொல்லுக்கு மட்டும் இந்தச் சுதந்திரம் கிடையாது. ஏற்கெனவே பன்மை எஸ் இருக்கும் சொல்லுக்கு இன்னொரு எஸ் சேர்க்கக் கூடாது.

## அறிகுறி: குறி சரியான இடத்தில்தான் இருக்கிறது, உருவம்தான் கெட்டிருக்கிறது

இது மொழிப்பிழை அல்ல, எழுத்துருப் பிழை; ஆனாலும் என்னிடம்தான் வரும்.

ஒரே பக்கத்தில் சில குறிகள் நேராகவும் சில வளைந்தும் இருந்தால், உரை பல இடங்களிலிருந்து வெட்டி ஒட்டப்பட்டது என்று பொருள். விசைப்பலகையில் நேரடியாக வருவது நேர்க்குறி, அதன் யூனிகோடு எண் 0027. அச்சில் விரும்பப்படும் வளைகுறி 2019. வேர்டு நிரலில் நேர்க்குறியை வளைகுறியாக்கும் தானியங்கி வசதி இயங்கும்போது, தேடும் பெட்டியிலும் மாற்றும் பெட்டியிலும் அதே குறியையே தட்டச்சிட்டு அனைத்தையும் மாற்றச் சொன்னால் எல்லாம் வளைந்துவிடும்.

சொல்லின் தொடக்கத்தில் வரும் குறி தலைகீழாகத் திரும்பியிருந்தால், அது அந்தத் தானியங்கி வசதியின் வேலை. ’90ஸ் என்று எழுத முயன்றால், மேற்கோள் தொடங்குகிறது என்று நினைத்துக்கொண்டு நிரல் ‘90ஸ் என்று திருப்பிப்போடும். குறியை இருமுறை தட்டி முதலாவதை அழித்துவிடுங்கள். அல்லது விண்டோஸில் ஆல்ட் விசையை அழுத்தியபடி எண் பலகையில் 0146 தட்டுங்கள். எக்செல் கட்டத்தில் '90ஸ் என்று தட்டினால் குறி கண்ணில் படாமலே மறைந்துவிடும். அங்கே முதல் குறியை, இது வெறும் உரை என்ற கட்டளையாக அந்த நிரல் எடுத்துக்கொள்கிறது. இரண்டு குறி தட்டினால் ஒன்று மிஞ்சும்.

குறி இருந்த இடத்தில் தொப்பி அணிந்த ஏ எழுத்து, யூரோ நாணயக் குறி, வணிகமுத்திரையைக் குறிக்கும் டிஎம் என்று மூன்று உருவங்கள் வரிசையாக நின்றால் பயப்பட வேண்டாம். வளைகுறி யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்க முறையில் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. கோப்பைத் திறந்த நிரல் அதைப் பழைய விண்டோஸ்-1252 முறையில் மூன்று தனி எழுத்துகளாகப் படித்துவிட்டது. கோப்பை யுடிஎஃப்-8 என்று தேர்ந்து மறுபடி திறந்தால் சரியாகிவிடும். திறந்து, அப்படியே சேமித்தும் விட்டீர்கள் என்றால், மூன்று உருவங்களையும் ஒரு சேரத் தேடி ஒரு குறியாக மாற்ற வேண்டியதுதான். இணையப் பக்கத்தில் ' என்று தென்பட்டால், குறி இருமுறை குறியாக்கம் செய்யப்பட்டிருக்கிறது; அதைப் பக்கத்தை அமைத்தவர்தான் சரிசெய்ய முடியும்.

“ஓ'பிரையன்” என்ற பெயர் பட்டியலில் கண்முன்னே இருக்கிறது, தேடினால் கிடைக்கவில்லை என்றால், சேமித்தது வளைகுறி, தேடுவது நேர்க்குறி. அந்தப் பெயரைப் படிவத்தில் இட்டவுடன் பக்கமே பிழை காட்டி நின்றுவிட்டால், அதற்குமேல் எதையும் தட்டிப் பார்க்காமல் மென்பொருளாளரை அழையுங்கள். குறியைக் கட்டளையின் பகுதியாகத் தரவுத்தளம் எடுத்துக்கொள்கிறது என்பதற்கு அது அடையாளம். அதே ஓட்டை வழியாக வெளியார் நுழைய முடியும். பெயரிலிருந்து குறியை நீக்கி எழுதச் சொல்வது தீர்வு ஆகாது.

## அறிகுறி: நிறுவனப் பெயரிலும் இடப்பெயரிலும் விதி பொருந்தவில்லை

பொருந்த வேண்டிய அவசியம் இல்லை. பெயர் எப்படிப் பதிவாகியிருக்கிறதோ அப்படியே எழுதுங்கள். “மெக்டொனால்ட்'ஸ்” என்பதில் குறி உண்டு, “ஸ்டார்பக்ஸ்” என்பதில் இல்லை. “லாயிட்'ஸ் ஆஃப் லண்டன்” என்ற காப்பீட்டுச் சந்தைக்கு உண்டு, “லாயிட்ஸ் பேங்க்” என்ற வங்கிக்கு இல்லை. புத்தக விற்பனை நிறுவனமான வாட்டர்ஸ்டோன்ஸ் 2012இல் தன் பெயரிலிருந்த குறியைத் தானே கழற்றிவிட்டது. லண்டன் சுரங்க ரயிலின் பிக்காடில்லி தடத்தில் அடுத்தடுத்து நிற்கும் இரு நிலையங்களில் “ஏர்ல்'ஸ் கோர்ட்” குறியோடும் “பேரன்ஸ் கோர்ட்” குறியில்லாமலும் இருக்கின்றன. அமெரிக்க அரசின் புவியியல் பெயர்கள் வாரியம் 1890 முதல் இயங்குகிறது. இடப்பெயர்களில் உடைமைக் குறியை அது வழக்கமாக அனுமதிப்பதில்லை, 1933இல் “மார்த்தா'ஸ் வின்யார்டு” தீவுக்கு விலக்கு அளித்ததுபோன்ற சில நேர்வுகளைத் தவிர. இத்தகைய பெயர்களைத் திருத்தும் முன் நிறுவனத்தின் சொந்தப் பக்கத்தையோ வரைபடத்தையோ ஒருமுறை திறந்து பாருங்கள்.

## எந்த இடத்தில் கையை எடுத்துவிட்டு வல்லுநரை அழைக்க வேண்டும்

அச்சாகி ஆயிரக்கணக்கில் போகும் நூல் என்றால், மேலே சொன்ன சோதனைகளை முடித்தபின் ஒரு மெய்ப்புத் திருத்துநரிடம் கொடுத்துவிடுங்கள். தன் எழுத்தில் தன் கண்ணுக்குப் பிழை தெரியாது என்பதை என் எழுத்திலேயே நான் கண்டிருக்கிறேன்.

குறி இடம் மாறினால் பணமோ உரிமையோ இடம் மாறும் ஆவணத்தில் நீங்களும் நானும் திருத்தவே கூடாது. உயிலில் “மை சன்'ஸ் ஷேர்” என்றால் பங்கு ஒரு மகனுக்கு, “மை சன்ஸ்' ஷேர்” என்றால் மகன்களுக்கு. ஒப்பந்தத்தில் உரிமையாளர் ஒருவரா பலரா என்பதும் அப்படித்தான். பிழை என்று தோன்றினாலும் பக்க ஓரத்தில் கேள்விக்குறி இட்டு, ஆவணத்தை வரைந்த வழக்கறிஞருக்கே திருப்பி அனுப்புங்கள்.

யாரையேனும் குற்றம் சொல்லும் எழுத்துக்கும் இது பொருந்தும். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் வீட்டுமனை முகவர் ஒருவர், முன்னாள் முதலாளி ஓய்வூதியத் தொகை செலுத்தவில்லை என்று முகநூலில் எழுதியபோது “எம்ப்ளாயீஸ்” என்ற சொல்லில் குறி இடவில்லை. ஒரு பணியாளருடைய தொகையைத்தான் சொன்னேன் என்பது அவர் வாதம். குறியில்லாத சொல் பணியாளர்கள் பலர் என்றும், அதனால் இது தொடர்ந்து நடக்கும் முறைகேடு என்றும் படிக்கப்பட இடம் கொடுப்பதாகக் கூறி, அவதூறு வழக்கைத் தள்ளுபடி செய்ய 2021இல் நீதிமன்றம் மறுத்துவிட்டது. அத்தகைய வாசகம் உங்கள் மேசைக்கு வந்தால், குறியை எங்கே இடுவது என்று யோசிக்குமுன், வெளியிடுவதை நிறுத்திவைத்து, பணியாளர் ஒருவரா பலரா என்பதை எழுதியவரிடம் எழுத்துமூலம் கேட்டு வாங்கி, அந்தப் பதிலோடு வழக்கறிஞரிடம் போங்கள்.